கொடிக்கு 'செகண்ட்ஸ்' உண்டா?

காதர்பேட்டைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். திருப்பூர் ரயில் நிலையத்துக்குச் சமீபத்திலுள்ள அந்தக் கடைவீதியில் பனியனும் உள்ளாடையும் குழந்தைகளின் உடுப்பும் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. தையல் சற்றுப் பிசகியதாலோ, சாயத்தில் ஒரு புள்ளி விழுந்ததாலோ கப்பலேறாமல் நின்றுவிட்ட சரக்குக்கு அங்கே 'செகண்ட்ஸ்' என்று பெயர். பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. விலை மட்டும் பாதி. செகண்ட்ஸிலும் தேறாதது கழிவுத் துணியாகி, இயந்திரங்களின் எண்ணெயைத் துடைக்கப் போய்ச் சேருகிறது. ஒரு முழத் துணிகூட வீணாவதில்லை. இது திருப்பூர்வாசிகளின் சாமர்த்தியம். நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் செகண்ட்ஸ் என்று தள்ளி விற்கவும், கழிவு மூட்டையில் கட்டவும் கூடாத துணி ஒன்று உண்டு. அது நமது தேசக் கொடி.

அச்சிடும்போது சக்கரம் நடுவிடத்தை விட்டு நகர்ந்து போகலாம். வட்டம் முட்டை வடிவம் கொள்ளலாம். மூன்றுக்கு இரண்டு என்ற நீள அகல அளவு தவறலாம். பனியனாக இருந்தால் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். கொடியை என்ன செய்வது? கிழிந்ததும் கசங்கியதுமான கொடியைப் பறக்க விடலாகாது என்றும், பழுதடைந்த கொடியை முழுமையாக, தனிமையில், கூடியவரை தீயிலிட்டு மரியாதையாக முடித்துவிட வேண்டும் என்றும் 2002-ஆம் வருஷத்து இந்தியக் கொடி விதிகள் கூறுகின்றன. பிறக்கும்போதே பழுதான கொடிக்கும் அதுவே நியாயம் என்பது நம் அபிப்பிராயம். நஷ்டம் முதலாளியுடையதுதான். அந்த நஷ்டத்தை ஏற்கச் சம்மதமில்லாதவர் பனியனோடு நின்றுகொள்ளலாமே!

பனியன் என்றதும் இன்னொரு விஷயமும் நினைவுக்கு வருகிறது. தேசிய கௌரவத்துக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் சட்டம் 1971-ல் பிறந்தது. 2005-ல் அதைத் திருத்தியபோது, இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடியை உபயோகிக்கலாகாது என்றும், உள்ளாடையிலோ, கைக்குட்டையிலோ, தலையணை உறையிலோ அதை அச்சிடலாகாது என்றும் எழுதி வைத்தார்கள். மீறினால் மூன்று வருஷம் வரை சிறைவாசம். இந்தியாவில் வேறெந்த ஊரையும்விட இந்தப் பிரிவை மனப்பாடம் செய்ய வேண்டிய ஊர் திருப்பூர்தான்!

சட்டம் இருக்கட்டும். கொடிக்குச் சாதகமாக ஒரு சட்டமும் இல்லாமல், கொடிக்கு விரோதமாகவே எல்லாச் சட்டங்களும் இருந்த காலத்தில் இதே ஊர் என்ன செய்தது என்பதைச் சற்று நினைப்போம்.

1932-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி காந்திஜியைச் சர்க்கார் கைது செய்தது. தேசமெங்கும் அடக்குமுறை ஆரம்பமாயிற்று. ஜனவரி 10-ஆம் தேதி திருப்பூரில் தடையை மீறி ஒரு சிறு ஊர்வலம் புறப்பட்டது. அதில் கொடி பிடித்துச் சென்றவர்களில் ஒருவர் குமாரசாமி என்ற குமரன். சென்னிமலையில் 1904-ஆம் வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், திருப்பூரில் ஒரு சிறு உத்தியோகம், மணமானவர், வயது 27. போலீஸாரின் தடியடியில் மண்டை பிளந்து விழுந்தார். விழுந்தவர் கையில் கொடி இருந்தது. மறுநாள் 11-ஆம் தேதி உயிர் பிரிந்தது.

'கொடி காத்த குமரன்' என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், அந்தப் பெயரிலுள்ள ஆச்சரியம் நமக்கு உறைப்பதில்லை. அவர் கையிலிருந்தது நாலு முழக் கதர்த் துணி. அதைக் கீழே போட்டு ஓடியிருந்தால் யார் குற்றம் சொல்லியிருப்பார்கள்? மறுநாள் இன்னொரு கொடி தைத்துக்கொள்ளலாம் அல்லவா? கதருக்குத் திருப்பூரில் அக்காலத்தில் பஞ்சமே கிடையாது. 1925-ல் காந்திஜி தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு அந்த ஊரே தலைமையிடம். ஆயினும் அவருக்கு அது துணியாகத் தோன்றவில்லை. குமரன் இறந்து பதினைந்தாம் நாள், ஜனவரி 26-ஆம் தேதி, சென்னைக் கோட்டையின் கொடிமரத்தில் ஆர்யா என்ற பாஷ்யம் ஏறி அதே கொடியைப் பறக்கவிட்டார். அதற்கும் முன்பே, 1923-ல், நாகபுரியில் கொடி பிடித்து நடந்ததற்காக நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தார்கள்.

அன்றைய கொடி முற்றிலும் இன்றைய கொடியல்ல. 1931-ல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட அந்தக் கொடியில் காவி, வெண்மை, பச்சை ஆகிய மூன்று வர்ணங்களும் நடுவில் ராட்டையும் இருந்தன. வர்ணங்கள் எந்த மதத்தையும் குறிப்பன அல்ல, குணங்களையே குறிப்பன என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். 1947-ஆம் வருஷம் ஜூலை 22-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நேரு பிரேரேபித்த தீர்மானத்தின்படி ராட்டையின் இடத்தில் அசோக சக்கரம் அமர்ந்தது. ராட்டை போனதில் காந்திஜிக்கு வருத்தமே. ஆயினும் துணியில் ராட்டை தங்கியிருந்தது. கையால் நூற்றுக் கையால் நெய்த கதரே கொடியாகலாம் என்ற விதி வெகுகாலம் நீடித்தது.

வேடிக்கை என்னவென்றால், சுதந்திரம் வந்த பிறகும் சாதாரணப் பிரஜை தன் வீட்டில் நினைத்த நாளில் கொடியேற்ற முடியவில்லை. குறிப்பிட்ட சில தேசியத் திருநாட்களில் மட்டுமே அதற்கு அனுமதி. 2002-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதிதான் அந்தக் கட்டு தளர்ந்தது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தொடுத்த வழக்கில், மரியாதையுடன் கொடியேற்றுவது பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் விசைத்தறித் துணிக்கும் பாலியெஸ்டருக்கும் அனுமதி கிடைத்தது. 2022 ஜூலையில், வீட்டில் இரவும் பகலும் கொடி பறக்கலாம் என்றார்கள். அந்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏறியது.

பாலியெஸ்டர் வந்ததைக் குறித்துக் கதர் அன்பர்கள் மனம் நொந்தார்கள். ஹூப்ளியில் விதிப்படி கொடி தயாரித்து வந்த கதர் ஸ்தாபனத்தின் தொழிலாளர்களுக்குப் பிழைப்புப் பற்றிய கவலை. அவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு. என்றாலும், கதர்க் கொடி வாங்க வசதியில்லாத கூலிக்காரர் தம் ஓட்டு வீட்டில் மலிவுக் கொடி ஏற்றுவதை வேண்டாமென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நம் ஆட்சேபம் மலிவு விலையைப் பற்றியதல்ல. விலை மலிந்த பொருளை நாம் நடத்தும் விதம் இருக்கிறதே, அதைப் பற்றியது. கதர்க் கொடியை வாங்கியவர் வருஷம் முழுவதும் பெட்டியில் பத்திரமாக வைத்தார். சில ரூபாய்க் கொடி ஆகஸ்டு 15-ஆம் தேதி மாலையில் குழந்தையின் கையிலிருந்து நழுவி, 16-ஆம் தேதி காலையில் சாக்கடையோரம் கிடக்கிறது. குமரனின் நினைவிடம் இருக்கும் சாலையிலும் அப்படிக் கிடக்கக் கண்டிருக்கிறோம்.

ஆகவே கொடி வாங்கும் வீட்டாரிடம் ஒரு விண்ணப்பம். ஏற்றுவதைப் போலவே இறக்குவதையும் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கொடியைக் கிடையாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெண்மைக்கு அடியில் மடக்க வேண்டும். பிறகு இரு பக்கமும் உள்ளே மடித்தால் சக்கரம் மட்டும் மேலே தெரியும். அதை இரு உள்ளங்கைகளிலும் ஏந்திப் போய்ப் பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. பத்து வயதுப் பெண் ஒருமுறை பார்த்தால் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். கிழிந்த கொடியை எரிக்கச் சொன்னால், "எரிப்பது அவமரியாதை இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். பெரியவர்களுக்கு நாம் செய்யும் கடைசி மரியாதையும் அக்கினியில்தானே?

காதர்பேட்டை வியாபாரிகளுக்கும் ஒரு யோசனை உண்டு. ஆகஸ்டு 16-ஆம் தேதியும் ஜனவரி 27-ஆம் தேதியும் கடைவாசலில் ஒரு சுத்தமான மரப்பெட்டி வையுங்கள். பழைய கொடி, கிழிந்த கொடி, அச்சுப் பிழையுள்ள கொடி, குழந்தைகள் சட்டையில் குத்திய காகிதக் கொடி எல்லாம் அதில் வந்து சேரட்டும். மாலையில் கடையடைத்ததும் நாலு பேராகச் சேர்ந்து, ஒதுக்குப்புறமான இடத்தில் அவற்றை முறைப்படி தீயிலிடலாம். பெட்டிக்கு ஆகும் செலவு ஒரு டஜன் பனியன் விலைகூட இராது.