மருந்து இலவசம், கூலி?

அலுவிகாரைக் குகைகளிலேதான் கி.மு. முதல் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் ஏறிற்று என்பது மரபு. படியெடுப்பின் ஆற்றலை இவ்வூராருக்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

எச்.ஐ.வி. கிருமியும் படியெடுத்தே பெருகுகின்றது. நம் உயிரணுவையே தன் ஏடெழுதியாக்கிக் கொள்கின்றது. சிடோவுடின் என்னும் மருந்து பொய்யெழுத்தாக அவ்வரிசையிற் புகும். அதற்குமேல் எழுத்து ஓடாது. கிருமி அழிந்ததா? இல்லை! மூலப்படி உயிரணுக்களுள் ஒளிந்தே கிடக்கும். ஆகவே வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். விட்டுவிட்டு உண்டால் மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்கும். சிடோவுடின் இரத்தச்சோகை தரலாம். டெனோபோவிர் சிலரின் சிறுநீரகத்தைத் தாக்கும். எனவே இரத்தப் பரிசோதனையும் தவறலாகாது.

2000ஆம் ஆண்டில் இச்சிகிச்சையின் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை தர மறுத்தது இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். செய்முறைக்கு மட்டுமே தந்தது. அந்த வாயில் வழியே வந்த மும்பையின் சிப்லா நிறுவனம், 2001இல் 350 டாலருக்குத் தர முன்வந்தது. சட்டம் படித்தவன் பெருமைப்படக்கூடிய சில நாட்களுள் அதுவும் ஒன்று!

இலங்கை அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் இம்மருந்து இலவசம். நன்று. ஆனால், மருந்துக்காக நகருக்குப் போகும் மாத்தளைத் தோட்டத் தொழிலாளியின் அன்றைய நாட்கூலியை யார் கொடுப்பது? அந்நாளைச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக்குக. மருத்துவரின் சீட்டே போதும், நோயின் பெயரைக் கேட்கும் உரிமை தோட்டத்துரைக்கு இல்லை என்பதையும் சட்டத்திலே எழுதுக.