பட்டறைப் பக்கம்: 2 வீல் பொலேரோவை 4 வீலாக மாற்றலாமா?

"கொடைக்கானல் கீழ்மலையில் காப்பி, மிளகு, மலைவாழை என்று நாலு ஏக்கர் வைத்திருக்கிறோம். தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. எங்களிடம் இருப்பது 2 வீல் டிரைவ் பொலேரோ. உர மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு வந்தால் மழைக்காலத்திலும் எப்படியோ ஏறிவிடும். போன ஐப்பசியில் ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத்திணறல். வண்டி கீழே ஊரில் நின்றது. தம்பி மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். மூன்றாவது வளைவில் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. கடைசியில் அம்மாவை டோலி கட்டித்தான் தூக்கிப்போனோம். பிழைத்துக்கொண்டார். இனி அப்படி ஒரு ராத்திரி வரக்கூடாது. பழைய சாமான் வாங்கி 4 வீல் டிரைவாக மாற்றித் தருகிறேன், இரண்டு லட்சம் ஆகும் என்கிறார் ஒரு பட்டறைக்காரர். நகையை வைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். செய்யலாமா ஐயா?"

- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

நகையை வைக்க வேண்டாம். முதல் பதில் அதுதான். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் இன்ஜின் சுற்றும் சுற்று கியர் பாக்ஸ் வழியாக, நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் மூலம் பின் அச்சுக்கு மட்டும் போகிறது. முன் சக்கரத்துக்குத் திரும்புவதும் பிரேக் பிடிப்பதும்தான் வேலை. அதையும் இழுக்க வைக்க வேண்டுமென்றால், கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி வர வேண்டும். அதற்கு இடம் கொடுக்கப் பின் ஷாஃப்டை அறுத்துக் குறைக்க வேண்டும். முன்பக்கம் ஒரு ஷாஃப்ட், ஒரு டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட், அது நுழையும்படியான ஹப். இத்தனைக்கும் இடம் விட்டு முன் சஸ்பென்ஷனை மாற்றியாக வேண்டும். பெட்டி மாட்டிவிட்டால் போதும் என்று பேசுகிறவர், இதில் பாதியைச் சொல்லாமல் விடுகிறார்.

அதிலும் பழைய சாமானில் ஒரு பொறி இருக்கிறது. என் மாமா 90-களில் ஒரு 2 வீல் ஜீப்பை இப்படி மாற்றினார். அந்த ஜீப் பட்டை ஸ்பிரிங் வண்டி. முன்னால் இருந்த சும்மா அச்சைக் கழற்றிவிட்டு இழுக்கும் அச்சைப் போடுவது பொலேரோவை விடப் பல மடங்கு சுலபம். போட்டார்கள். பின் அச்சில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8 பல். காயலான் கடையிலிருந்து வந்த முன் அச்சில் 43-க்கு 8. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பின் சக்கரம் 100 சுற்று சுற்றும் நேரத்தில் முன் சக்கரம் 91 சுற்றுதான் சுற்றப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டது. கெட்டி மண்ணில் எங்கே வழுக்கும்? ஒரு சாயங்காலம், மிளகு மூட்டையோடு ஏற்றத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பல் உடைந்தது. முன்னாலும் இழுவை இல்லை, பின்னாலும் இல்லை. மாமா கால் பிரேக்கை மிதித்தபடி கத்த, குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தவன் நான். அன்று வைத்த கல் கொஞ்சம் சிறியதாக இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பல் கணக்கு சரியாகவே அமைந்தாலும் சட்டம் இடிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நடந்து, அடியில் இருப்பது கம்பெனி சாமான் இல்லை என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். நாலு ஏக்கர் வைத்திருக்கிற குடும்பம் அதைத் தாங்காது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். விடை அதிலேயே இருக்கிறது. மூட்டையும் ஆட்களும் இருந்தால் ஏறுகிறது, தம்பி தனியாக வந்தால் ஏறவில்லை. இன்ஜின் பாரம் முழுக்க முன்னால், இழுக்கிற சக்கரமோ பின்னால். வெறும் வண்டியில் பின் சக்கரத்தை மண்ணோடு அழுத்த ஆள் இல்லை. அந்த ராத்திரி நடந்தது இதுதான். மழைக்காலம் முழுக்கப் பின் அச்சுக்கு நேர் மேலே 40 கிலோ மணல் மூட்டை நாலைந்து போட்டு வையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாமல் போட்டால் பிரேக் பிடிக்கும்போது மூட்டை முன்னால் வந்து முதுகில் விழும்.

அடுத்தது டயர். தார் ரோட்டு டயரின் பள்ளத்தில் செம்மண் அப்பிக்கொண்டால் அது வழுக்குப்பாறைதான். அதே அளவில் அகலப் பள்ளம் உள்ள மண் ரோட்டு டயர் கிடைக்கும். கையிருப்பு குறைவென்றால் பின்னால் இரண்டு மட்டும் முதலில் போடுங்கள். மண் பாதை தொடங்கும் இடத்தில் பின் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். மெதுவாகத்தான் போக வேண்டும், தார் ரோடு வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும். வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பின் சக்கரம் மட்டும் சும்மா சுற்றினால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். முதல் கியரில் மெல்ல மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுகிற சக்கரம் அடங்கி, நிற்கிற சக்கரத்துக்கு இழுவை போகும். எப்போதும் பலிக்காது. பலித்தால் கீழே இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

அந்த மூன்றாவது வளைவையும் மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று பாருங்கள். மேலேயிருந்து வரும் தண்ணீர் பாதை வழியாகவே இறங்குகிறது என்று நினைக்கிறேன். வளைவுக்கு மேலே பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கால்வாய் வெட்டி, கல் பதித்து, தண்ணீரைச் சரிவுப் பக்கம் தள்ளிவிடுங்கள். பிறகு சக்கரம் ஓடும் இரண்டு தடத்திலும் 2 அடி அகலம், 60 அடி நீளம், 5 அங்குல கனத்தில் கான்கிரீட் போடுங்கள். இரண்டு தடத்துக்கும் சேர்த்து 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். 1:2:4 கலவைக்கு ஏறக்குறைய 18 மூட்டை சிமென்ட் பிடிக்கும். ஈரத்தோடு துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து விடுங்கள், வழவழப்பாகப் பூசிவிட்டால் செலவு வீண். பாதை காப்புக்காட்டை ஒட்டிப் போனால் வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து, பட்டறைக்காரர் கேட்ட தொகையில் பாதிகூட வராது. இந்தத் தடத்தில் ஆம்புலன்ஸும் ஏறும்.

இதற்குப் பிறகும் ஏறவில்லையென்றால், பொலேரோவை விற்றுவிட்டு கம்பெனியிலேயே 4 வீல் டிரைவாக வந்த பழைய வண்டியை வாங்குங்கள். ஆர்.சி.யில் மாடல் பெயரைப் பார்த்து, அந்த ரகம் கம்பெனியிலேயே 4 வீலாக வந்ததுதானா என்று ஷோரூமில் விசாரியுங்கள். பழைய ஜீப் என்றால் பல் கணக்கையும் நீங்களே பார்க்கலாம். மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அதைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். முன்பக்கமும் அதே மாதிரி. இரண்டு எண்ணும் ஒன்றாக வராத ஜீப்பை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

4 வீல் வாங்கினாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும். அது ஏறுவதற்குத்தான் பெரிய உதவி. சேற்றில் இறங்கும்போது எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்தில்தான். வழுக்கினால் எதுவும் வழுக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு இறங்கும்போது முதல் கியரை விடாதீர்கள்.

முன் சக்கர இழுவை உள்ள சின்ன எஸ்.யு.வி.யை மாற்றலாமா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் பின்பக்கத்துக்குச் சுற்று அனுப்ப கியர் பாக்ஸில் வழியே கிடையாது. டஸ்டரில் 4 சக்கர இழுவை ரகம் கொண்டுவந்தபோது கம்பெனியே பின் சஸ்பென்ஷனை வேறாகச் செய்தது. பட்டறையில் ஆகிற காரியம் இல்லை.

கீழ்மலை வாசகர் முதலில் மணல் மூட்டையைப் போட்டு, ஒரு மழை நாளில் பகல் வெளிச்சத்தில் தனியாக ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பவர் டில்லர் பெல்ட் அடிக்கடி அறுவதாகக் கேட்டவருக்கு அடுத்த இதழில் பதில்.