வாசலில் விட்ட செருப்பு

"அக்கா, அம்மா சொன்ன சமையல் குறிப்பெல்லாம் வீணாகிவிடும் போலிருக்கிறதே!" என்று லாப்டாப்பும் கையுமாக வந்து நின்றாள் என் அத்தை பெண்.

அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவள் சொல்லச் சொல்ல, பெண் அடித்து வைத்தது. பழைய டைப்ரைட்டர் பழக்கம் லேசில் போகுமா? வரிக்கு வரி 'என்டர்' தட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து பதிவாகிவிடும்; அதற்கு எண் 10. அச்சிட்டால் "உப்பு" ஒரு வரியில், "போடவும்" அடுத்த வரியில்!

அந்த எழுத்தை நீக்க, ஆபீஸில் பழகிய 'செட்' என்ற கருவியை ஏவியிருக்கிறாள். 1970-களில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் லீ மக்மஹோன் எழுதியது அது. "வரி முடிவை எடு, இடைவெளி போடு" என்றால், கொடுத்ததையே அப்படியே திருப்பித் தந்ததாம்!

"நம் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை எங்கே விடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"வாசலில்."

"கூடத்தில் தேடினால் கிடைக்குமா?"

அதேதான் சங்கதி. செட் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக உள்ளே அழைக்கிறது. வரி முடிவு வாசலிலேயே நின்றுவிடும். வெளியே போகும்போது மறுபடி சேர்ந்துகொள்ளும். பெரிய 'என்' போட்டு அடுத்த வரியையும் கூடவே அழைத்தால்தான், இரண்டுக்கும் நடுவே அது அகப்படும்.

'டி.ஆர்.' என்று இன்னொரு கருவி உண்டு. அதற்கு வரிக் கணக்கே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே வரியாக்கிவிடும். ஆனால் ரசமும் பாயசமும் ஒன்றாகிப் போகும்!

நல்ல வேளை, குறிப்புக்குக் குறிப்பு ஒரு வெற்று வரி விட்டிருந்தாள். பெரிய 'ஹெச்' வரிகளைப் பரணில் சேர்த்துக்கொண்டே போகும். வெற்று வரி வந்ததும் 'எக்ஸ்' அவற்றை இறக்கித் தரும். பிறகு ஒட்ட வேண்டியதுதான்.

சகோதரிகளே, ஒரு வார்த்தை. 'மைனஸ் ஐ' என்று போட்டால் செட் மூலத்தின் மேலேயே எழுதிவிடும். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் மறுபடி கேட்டு எழுதலாம். எல்லா வீட்டிலும் அத்தை இருக்க வேண்டுமே!

ஒட்டி முடித்ததை வாசித்துக் காட்டினோம். கேட்டுக்கொண்டே இருந்த அத்தை, "வரியெல்லாம் சரிதான். ரசத்துக்குப் பெருங்காயத்தை யார் விட்டது?" என்றாள்.

அதற்குக் கருவி இன்னும் வரவில்லை!