சீட்டு மட்டும் போதுமா?



உம்ராவுக்குப் புறப்படவிருந்த எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர், அஸர் தொழுகை முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத்! ஊசி போட்டுக்கொண்டதாகச் சீட்டு வாங்கித் தருவதாகப் பயண ஏற்பாடு செய்பவர் சொல்கிறார். இந்த வயதில் ஊசி எதற்கு? சீட்டு மட்டும் போதாதா?" என்று வினவினார். அன்று அவரிடம் சுருக்கமாகக் கூறியதை இன்று உங்களிடம் சற்று விரிவாகக் கூற விழைகின்றேன்.

1884ஆம் ஆண்டு, ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவர் பெர்லின் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். நுரையீரல் நோயால் இறந்தோரின் திசுக்களில் நோய்க்கிருமிகளைத் தெளிவாகக் காண்பதற்கு அவர் ஒரு சாயமுறையைக் கண்டறிந்தார். ஊதாச் சாயமும் அயோடினும் இட்டு, பின்னர் ஆல்கஹாலால் கழுவினால், சில கிருமிகள் ஊதா நிறத்தை விடாமல் பற்றிக்கொள்கின்றன. சில அதனை இழந்துவிடுகின்றன. இழப்பவற்றுக்குக் 'கிராம் நெகட்டிவ்' என்று பெயர். டைபாய்டு, காலரா ஆகியவற்றின் கிருமிகளும், சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை கிருமியும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

சாயம் நிற்காமைக்குக் காரணம் அவற்றின் உடலமைப்பு. அவற்றின் சுவர் மெல்லியது. அதற்கு மேல் கொழுப்பு கலந்த ஒரு வெளியுறை உண்டு. அவ்வுறையிலேயே நஞ்சும் பொதிந்துள்ளது. கிருமி இரத்தத்தில் பெருகும்போது அந்நஞ்சு வெளிப்பட்டு, இரத்த நாளங்களைச் சிதைத்து, உடலை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளுகின்றது.

இவ்வினத்தைச் சேர்ந்த மெனிங்கோகாக்கஸ் என்னும் கிருமிக்காகத்தான் உம்ரா பயணியிடம் ஊசிச் சீட்டு கேட்கப்படுகின்றது. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தாக்கும் மூளையுறைக் காய்ச்சலை இது உண்டாக்குகின்றது. வியன்னாவைச் சேர்ந்த வைக்செல்பாம் என்னும் மருத்துவர் 1887ஆம் ஆண்டு இதனை அடையாளம் கண்டார். இரு காப்பிக் கொட்டைகளைத் தட்டைப்புறம் சேர வைத்தாற்போல் இணை இணையாகக் காணப்படும் இக்கிருமிக்கு மனிதனைத் தவிர வேறு உறைவிடம் இல்லை. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இதனைத் தொண்டையில் சுமந்துகொண்டு, யாதொரு நோயுமின்றி நடமாடுகின்றனர். இருமல், தும்மல், நெருங்கி வாழ்தல் ஆகியவற்றால் இது பிறரைச் சென்றடைகின்றது. எவருக்கேனும் இரத்தத்தில் புகுந்துவிட்டால் ஒரே நாளில் உயிரைப் பறிக்கவும் கூடும்.

பல நாட்டு மக்கள் தோளோடு தோள் உரச ஒன்றுகூடும் இடத்தில் இத்தகைய கிருமி என்ன செய்யும் என்பதை வரலாறே கூறுகின்றது. 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது இதன் 'ஏ' வகை பரவிற்று. மறு ஆண்டிலேயே அதே கிருமி சூடானிலும் சாடிலும் கொள்ளைநோயாயிற்று. அதன்பின் 'ஏ', 'சி' ஆகிய இரு வகைகளுக்கான தடுப்பூசி ஹாஜிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் 2000ஆம் ஆண்டு 'டபிள்யூ 135' என்னும் வேறு வகை தலைதூக்கியது. பல நாடுகளில் 400க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சகோதரிகளே, இதனைக் கவனியுங்கள்: அவர்கள் அனைவரும் ஹஜ் செய்தவர்கள் அல்லர். ஹாஜிகள் ஊர் திரும்பியபின் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அப்போது கட்டாயமாயிருந்த ஊசி 'ஏ', 'சி' வகைகளிலிருந்து மட்டுமே ஹாஜியைக் காத்தது. ஆனால் அவர் தொண்டையில் கிருமி குடிகொள்வதைத் தடுக்கவில்லை. ஜம்ஜம் நீரோடும் பேரீத்தம்பழத்தோடும் கிருமியையும் அவர் அறியாமலே வீட்டிற்குக் கொண்டுவரலாயிற்று.

2002ஆம் ஆண்டிலிருந்து 'ஏ', 'சி', 'டபிள்யூ', 'ஒய்' ஆகிய நான்கு வகைகளுக்குமான தடுப்பூசியைச் சவூதி அரசு கட்டாயமாக்கியது. அதன்பின் ஹஜ்ஜில் அத்தகைய பெரும் பரவல் நிகழவில்லை. எனினும் 2024ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் 12 பேருக்கு இந்நோய் கண்டது. 10 பேர் சவூதிக்குச் சென்று வந்தவர்கள். 2 பேர் அவ்வாறு சென்று வந்தவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள். தடுப்பூசி விவரம் தெரிந்த 9 பேரில் ஒருவர்கூட ஊசி போட்டிருக்கவில்லை.

ஊசியின் பயன் உடலில் உருவாகச் சில நாட்கள் பிடிக்கும். ஆகவே சவூதி சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே அதனைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியில் இரு வகைகள் உள்ளன. பழைய வகைக்கான சான்று 3 ஆண்டுகளும், 'கான்ஜுகேட்' எனப்படும் புதிய வகைக்கான சான்று 5 ஆண்டுகளும் செல்லும். புதிய வகை தொண்டையில் கிருமி தங்குவதையும் குறைக்கவல்லது என்பதால், வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்கள் இதுபற்றி மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

நோயின் அறிகுறிகளையும் நினைவில் வையுங்கள். கடுங்காய்ச்சல், தாங்கவொண்ணாத் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுதல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றலாம். கைக்குழந்தையாயின் பால் குடிக்க மறுக்கும், உச்சிக்குழி புடைத்திருக்கும். தோலில் செந்நிறமாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் தோன்றினால், கண்ணாடிக் குவளையின் பக்கத்தை அவற்றின் மீது அழுத்திப் பாருங்கள். புள்ளிகள் மறையாவிடில் ஒரு கணமும் தாமதியாதீர்கள். புள்ளிகள் இல்லையே என்று வாளாவிருக்கவும் வேண்டாம். வீட்டில் மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திராமல், இரவானாலும் மருத்துவமனைக்கு விரையுங்கள். அண்மையில் ஹஜ்ஜோ உம்ராவோ முடித்து வந்தவர் வீட்டில் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தக்க மருந்து கொடுத்தும் பத்தில் ஒருவரேனும் இறக்கும் நோய் இது. பிழைப்பவர்களிலும் சிலர் செவிப்புலனை இழக்கின்றனர். நோயாளியோடு நெருங்கியிருந்தவர்களுக்கும் தடுப்பு மருந்து தேவைப்படும்.

இவற்றையெல்லாம் கேட்ட அப்பெரியவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். "என் மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது, ஹஜ்ரத்" என்றார். "திரும்பி வந்ததும் நீங்கள் முதலில் வாரி அணைத்து முத்தமிடப்போவது அக்குழந்தையைத்தானே?" என்றேன்.

மறுநாள் காலையில் அவர் ஊசி போட்டுக்கொண்டார். பயணத்திற்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

சீட்டு விமான நிலைய அதிகாரியின் கண்ணை ஏமாற்றலாம், கிருமியை ஏமாற்றாது. இறைவனின் இல்லத்தை நாடிச் செல்லும் பயணத்தைப் பொய்ச் சீட்டோடு தொடங்குவது தகுமா என்பதையும், பயணம் புறப்படும் அன்பர்களே, நீங்களே எண்ணிப் பாருங்கள்.