காதுக்குள் ஒரு கச்சேரி

2016இல் அப்பிள் நிறுவனத்தார் 'எயார்பொட்ஸ்' வெளியிட்டபின், கம்பியில்லாச் செவிப்பொறிகள் கடைதோறும் மலிந்துவிட்டன. நாமும் வேறொரு சோடி வாங்கிப் பத்து நாட்கள் பரீட்சித்தோம். நாதசுரம் இனித்தது, தவிலோ சோர்ந்து கிடந்தது. குற்றம் பொறியினது அன்று. சிலிக்கன் முனை நம் செவிக்குச் சிறிதாயிருந்தமையால் தாழ்ந்த ஒலியெல்லாம் கசிந்தோடிற்று; பெரிய முனையை மாட்டியதும் தவில் முழங்கிற்று.

பேருந்தின் இரைச்சலைச் சிறு ஒலிவாங்கியாற் கேட்டு, எதிரலை எழுப்பி அடக்கும் வித்தை வியப்புக்குரியதே. ஆயினும், அடுக்களையில் வழுக்கி விழுந்த அம்மா அழைத்த குரல் நமக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் ஓடிவந்தனர்!

மாணவர்கள் ஒலியளவையும் கவனிப்பார்களாக. 80 டெசிபலாயின் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆயின் 4 மணி நேரமே என்பது உலக சுகாதார தாபனத்தின் கணக்கு.

வீட்டில் நாம் இப்போது ஒரு காதில் மட்டுமே அணிகிறோம்.