ஊர்த் தவறணையின் உறுதி யார் கையில்?

ஆங்கில நாட்டின் ஊர்த் தவறணைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன என்ற செய்தியைக் கேட்டு நம் வாசகருட் பலர் மகிழ்ச்சி அடையக்கூடும். ‘ஒரு பீடை ஒழிந்தது’ என்று சொல்வாருமுளர். குடியினால் அழிந்த குடும்பங்களைக் கண்ணாற் கண்டவர்கள் அவ்வாறு கூறுவதை நாம் குறைகூற மாட்டோம். குடிக்குப் புகழ்மாலை சூட்டுவது நமது நோக்கமுமன்று. ஆயினும் தவறணை மூடப்பட்டதனால் அந்நாட்டிற் குடி ஒழிந்துவிடவில்லை. பெருங்கடைகளில் மலிவாக விற்கப்படும் பியர் போத்தலாக அது வீட்டுக்குட் சென்றுவிட்டது. ஒழிந்துபோனது ஊரார் கூடியிருந்த இடமே. ஊர் முழுவதும் தனதென்று எண்ணியிருந்த ஓரிடத்தை, அவ்வூரை ஒருநாளும் கண்டிராத ஒருவர் தம் விருப்பப்படி விற்கவும் இடிக்கவும் உரிமையுடையவரா? இக்கேள்வி பிரித்தானியாவுக்கு மாத்திரம் உரியதன்று. அதனாலேயே இதனை இன்று ஆராயப் புகுந்தோம்.

தவறணையை ஆங்கிலேயர் ‘பப்’ என்று சுருக்கமாக அழைப்பர். அதன் முழுப்பெயரின் பொருள் ‘பொது வீடு’ என்பதாகும். அப்பெயர் பொருத்தமானதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரண விசாரணைகள் பல அங்கேயே நடைபெற்றன. நோயுற்ற தொழிலாளிக்கும் இறந்தவனின் விதவைக்கும் உதவுவதற்காக அமைந்த பரஸ்பர உதவிச் சங்கங்கள் அங்கேதான் சந்தாப் பணம் சேர்த்தன. தொழிற்சங்கங்கள் பலவற்றின் முதற் கூட்டங்களும் அங்கேயே கூடின. கமக்காரனும் கொத்தனும் சட்டத்தரணியும் ஒரே பலகையிற் கைவைத்து நின்று பேசக்கூடிய வேறிடம் அந்நாட்டுக் கிராமங்களில் அதிகமில்லை.

2000ஆம் ஆண்டளவிற் பிரித்தானியாவில் ஏறத்தாழ 60,000 தவறணைகள் இருந்தன. பின்னர் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. 2007 யூலையில் இங்கிலாந்திற் பொதுக் கட்டிடங்களுள் புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் 2013 வரை பியர் மீதான தீர்வை, விலைவாசி உயர்வையும் விஞ்சி ஆண்டுதோறும் கூட்டப்பட்டது. 2020 மார்ச் 20இல், கொள்ளைநோய் காரணமாகத் தவறணைகள் யாவும் மூடப்பட வேண்டுமென அரசாங்கம் கட்டளையிட்டது. 2022இல் மின்சாரத்தினதும் எரிவாயுவினதும் விலை தாங்கொணாதவாறு ஏறியது. இளந்தலைமுறையினர் முன்னோரைப்போலக் குடிப்பதுமில்லை. இவை யாவும் உண்மையே. ஆனால் இவை மாத்திரமே காரணமெனின், இலாபமில்லை என்று மூடப்பட்ட தவறணையை ஊரார் தாமே வாங்கி நடத்தியபோது அது தழைத்தது எங்ஙனம்? அவ்வாறு தழைத்தவை பல உண்டு. ஆகவே நோயின் வேரை வேறிடத்திலும் தேடல் வேண்டும்.

அவ்வேர் சொத்துரிமையில் இருக்கிறது. நெடுங்காலமாகத் தவறணைகளிற் பெரும்பகுதி பியர் வடிக்கும் கம்பனிகளுக்கே சொந்தமாயிருந்தது. தவறணையை நடத்துபவர் கம்பனியின் குத்தகைக்காரர். அவர் வாடகையும் செலுத்த வேண்டும். பியரையும் அக்கம்பனி வைத்த விலைக்கு அக்கம்பனியிடமே வாங்க வேண்டும். இதனைப் ‘பிணைப்பு’ என்பர். நம் கமக்காரருக்கு இது எளிதில் விளங்கும். காணியைக் குத்தகைக்குத் தந்தவன், ‘விதைநெல்லையும் பசளையையும் நான் சொல்லும் விலைக்கு என்னிடமே வாங்கு, குத்தகைப் பணத்தையும் தவறாமற் கட்டு’ என்று சொன்னால், விளைச்சலில் உழுதவனுக்கு எஞ்சுவது என்ன?

இந்த ஏகபோகத்தை உடைப்பதற்காக 1989இல் ஒரு கட்டளை பிறப்பிக்கப்பட்டது. 2,000க்கு மேற்பட்ட தவறணைகளை வைத்திருந்த வடிப்புக் கம்பனி ஒவ்வொன்றும், அத்தொகைக்கு மேற்பட்டவற்றிற் பாதியை 1992 நவம்பருக்குள் பிணைப்பிலிருந்து விடுவிக்க வேண்டுமென்பது அதன் சாரம். நோக்கம் நல்லதே. ஆனால் கைவிடப்படும் தவறணைகள் யார் கையிற் சேர வேண்டுமென்று அக்கட்டளை ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. குத்தகைக்காரனுக்கும் ஊராருக்கும் முன்னுரிமை எதனையும் அது வழங்கவில்லை. விளைவு யாது? பியரே வடிக்காத புதிய கம்பனிகள் தோன்றி ஆயிரக்கணக்கான தவறணைகளைக் கடன்பட்டு வாங்கிக் குவித்தன. ‘கட்டளை 2,000க்கு மேற்பட்ட தவறணைகளையுடைய வடிப்போரைத்தானே கட்டுப்படுத்துகிறது, நாமோ வடிப்போர் அல்லேமே’ என்று அவை பழைய பிணைப்பைத் தாமே கைக்கொண்டன. 1989ஆம் ஆண்டுக் கட்டளை 2003இல் நீக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் இத்தகைய இரு கம்பனிகளிடம் தனித்தனியே எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தவறணைகள் இருந்தன. ஓர் எசமான் போக மற்றோர் எசமான் வந்ததே கண்ட பலன்.

2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கடன்காரர் கதவைத் தட்டினர். கம்பனிகளுக்கு இப்போது தவறணை ஒரு கூடுமிடமாகத் தோன்றவில்லை. நல்ல விலைபோகும் காணித்துண்டாகவே தோன்றியது. வீடுகட்டுவோருக்கும் பெருங்கடைகளுக்கும் அவை விற்கப்பட்டன. வியாபாரம் ஓரளவு நடந்த தவறணைகளும் இவ்விற்பனைக்குத் தப்பவில்லை. பியர் விற்று வரும் ஆதாயத்தைவிடக் காணி விற்று வரும் பணம் அதிகமாயின் கணக்கப்பிள்ளை எதைத் தெரிவான் என்பதைக் கூற வேண்டியதில்லை.

குத்தகைக்காரரின் முறைப்பாடு இறுதியிற் பாராளுமன்றத்தை எட்டியது. 2014 நவம்பரில் அரசாங்கத்தின் விருப்பத்துக்கு மாறாக, 284 வாக்குகளுக்கு 269 என்ற கணக்கிற் பொதுமக்கள் சபை ஒரு திருத்தத்தை ஏற்றது. அதன் பயனாக 2016 யூலையில் நடைமுறைக்கு வந்த விதிக்கோவை, 500க்குக் குறையாத பிணைப்புத் தவறணைகளையுடைய கம்பனிகளின் குத்தகைக்காரர், உரிய வேளையிற் பிணைப்பை நீக்கிச் சந்தை வாடகை மாத்திரம் செலுத்தக் கோரலாமென விதித்தது. இது வரவேற்கத்தக்க சீர்திருத்தமே. ஆனால் அது கம்பனிக்கும் குத்தகைக்காரருக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்க முயன்றதேயன்றி, ஊரின் உரிமையைப்பற்றி எதுவும் பேசவில்லை.

ஊரின் உரிமைக்கு நேர்ந்த கதியை இரு தவறணைகளின் வரலாற்றிற் காணலாம். இலண்டனின் மேற்குப் பகுதியிலுள்ள கார்ள்டன் தவறணை முதலாம் மகாயுத்தக் குண்டுவீச்சில் அழிந்து, 1920 அளவில் மீளக் கட்டப்பட்டது. பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அது அறிவிக்கப்படவிருந்த தறுவாயில், 2015 ஏப்ரலில் அனுமதியின்றியே இடித்துத் தள்ளப்பட்டது. அயலவர் வாளாவிருக்கவில்லை. கட்டிடத்தின் விபரங்கள் முன்னரே பதிவாகியிருந்தன. ‘இடித்ததை இருந்தபடியே கட்டு’ என்று வெஸ்ட்மின்ஸ்டர் மாநகர சபை கட்டளையிட்டது. மேன்முறையீட்டு விசாரணையிலும் அக்கட்டளை நிலைத்தது. 2021 ஏப்ரலில் அத்தவறணை மீண்டும் திறக்கப்பட்டது.

மற்றையது ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தினால் நிலந் தாழ்ந்து ஒருபுறம் சாய்ந்து நின்றமையால் ‘கோணல் வீடு’ என்று பெயர்பெற்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டிடம் அது. 2023 யூலையில் விற்கப்பட்டது. ஓகஸ்ட் 5ஆம் திகதி இரவு தீப்பற்றியது. இரண்டு நாட்களுள் தரைமட்டமாக்கப்பட்டது. மீளக் கட்டுமாறு 2024 பெப்ரவரியில் உள்ளூராட்சி மன்றம் கட்டளை அனுப்பியது. அதற்கெதிராக மேன்முறையீடு செய்யப்பட்டது. இடிப்பதற்குச் சில மணிநேரம் போதும். மீளக் கட்டுவிக்கச் சட்டத்துக்கு ஆண்டுகள் வேண்டும்.

இடித்த பின்னர் வழக்காடுவதைவிட விற்கு முன்னரே தடுப்பது மேலன்றோ? 2011ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இங்கிலாந்தில் அதற்கு ஒரு வழி காட்டியது. ஊருக்குப் பயனுள்ள சொத்தென்று ஒரு தவறணையை ஊரார் பதியலாம். உரிமையாளர் அதனை விற்க விரும்பி, ஊராரும் ஆறு வாரங்களுள் தாம் வாங்க முயல்வதாக அறிவித்தால், ஆறு மாதம் விற்பனை நிறுத்தப்படும். கேட்க நன்றாகவேயிருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழிந்ததும் உரிமையாளர் தாம் விரும்பியவருக்கு விற்கலாம். ஊரார் முழு விலையையும் கையில் வைத்து நின்றாலும் அவர்களுக்கு விற்க வேண்டிய கடமை அவருக்கில்லை. காலதாமதத்தை உரிமையென்று அச்சட்டம் பெயரிட்டிருக்கிறது!

அப்படியிருந்தும் மக்கள் மனந்தளரவில்லை. அச்சட்டம் பிறப்பதற்கு முன்னரே, 2003இல், கம்பிறியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் பங்குபோட்டுத் தம் ஊர்த் தவறணையை வாங்கிக் கூட்டுறவு முறையில் நடத்தத் தொடங்கினர். இலண்டன் நன்ஹெட் பகுதியிலுள்ள ‘ஐவி ஹவுஸ்’ தவறணையே 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதன்முதற் பதியப்பட்டது. 2013இல் அயலவர் அதனைத் தமதாக்கினர். பங்காளியாகிய ஊரவன் தன் தவறணையை இடிக்க ஆள் தேடுவானா?

ஸ்கொத்லாந்து இங்கிலாந்தைவிட ஒருபடி முன்னே சென்றது. 2003ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம், தம் விருப்பை முறைப்படி பதிந்த கிராமத்தாருக்கு, காணி விலைக்கு வரும்போது மதிப்பீட்டாளர் குறிக்கும் விலைக்கு முதலில் வாங்கும் உரிமையை வழங்கியது. 2016இல் அவ்வுரிமை நகரங்களுக்கும் விரிந்தது. இது தனியார் சொத்துரிமையைப் பறிப்பதாகாதா என்று கேட்கப்படலாம். வடமாகாணத்து வாசகருக்கு விடை கூற வேண்டியதில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, காணியை விற்க எண்ணுபவன் உடன்பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. அறிவியாது பிறருக்கு விற்றால் அவர்கள் நீதிமன்றை நாடலாம். விற்பவனுக்கு உரிய விலையில் ஒரு சதமேனும் குறைவதில்லை. வாங்குபவர் யாரென்பதில் மாத்திரமே சட்டம் தலையிடுகிறது. குடும்பக் காணிக்கு நம் முன்னோர் கண்ட அந்நீதியை ஊர்ப் பொது இடத்துக்கும் விரித்தால் அதுவே ஸ்கொத்லாந்துச் சட்டம். இங்கிலாந்துக்கும் அத்தகைய உரிமையை வழங்க 2025 யூலையிற் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்ட சட்டமூலம் முன்மொழிந்தது. இவ்வளவு தவறணைகள் மறைந்த பின்னர் வந்த ஞானோதயமாயினும் அது நேரிய வழியே.

நமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. நம் ஊர்களிலும் வாசிகசாலைகள் உள. சனசமூக நிலையங்கள் உள. கூட்டுறவுச் சங்கக் கட்டிடங்கள் உள. சீவற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கள்ளுத் தவறணைகளும் உள. இவற்றுட் சில, என்றோ ஒரு பெரியவர் வாய்ச்சொல்லாற் கொடுத்த காணியில் நிற்கின்றன. கொடுத்தவர் மறைந்தார்; பிள்ளைகள் கடல் கடந்தார்; காணியின் விலையோ ஏறிக்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளையின் அற்றோணித் தத்துவத்துடன் ஒருவர் வந்து நிற்கும் நாளில், ‘இது எங்கள் ஊர்ச் சொத்து’ என்ற கூக்குரல் வழக்கிற் சான்றாகாது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே பெட்டகத்தைத் திறந்து உறுதியை எடுத்து உரக்க வாசிக்கட்டும். யார் பெயரில் இருக்கிறது, எல்லைகள் எவை, நம்பிக்கைப் பொறுப்பாளர் உயிரோடிருக்கிறாரா என்று பார்க்கட்டும். உறுதி இல்லையெனின், கொடுத்தவரின் உறவினர் நல்லெண்ணத்துடன் இருக்கும்போதே அதனை எழுதுவிக்கட்டும். ஊரிலுள்ள சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகளும் இப்பணியைக் கட்டணம் கருதாது செய்து கொடுத்தல் வேண்டும். கார்ள்டன் தவறணையை மீளக் கட்டுவிக்க அயலவர் ஆறு ஆண்டு காத்திருந்தனர். நமக்கு இன்று வேண்டியது ஒரு மாலைப்பொழுது மாத்திரமே.