யூவி எல்ஈடி: வெளிச்சமாகும் ஐந்து வீதமும் எங்கள் கிணற்று நீரும்

குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளின் விளம்பரங்களில் அண்மைக் காலமாக ‘யூவி எல்ஈடி’ என்ற சொல்லைக் காண்கிறேன். இரசம் இல்லை, கண்ணாடிக் குழாய் இல்லை, பற்றரியிலும் சோலரிலும் இயங்கும், சுவிட்சைப் போட்டவுடனேயே வேலை செய்யும் என்கிறார்கள். இதில் பெரும்பகுதி உண்மை. ஆனால், விளம்பரத்தில் வராத விடயம் ஒன்றும் உண்டு. அந்தக் கதிரை உண்டாக்கும் சிப், தனக்குக் கொடுக்கப்படும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கையே கதிராக மாற்றுகிறது. அந்தப் பங்கை உயர்த்துவதற்காக ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் இரண்டு தசாப்தங்களாகப் போராடுகிறார்கள். கிணற்றை நம்பி வாழும் நாங்களும் அந்த முயற்சி இப்போது எங்கே நிற்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

புறஊதாக் கதிர்களில் 280 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம் கொண்டவை ‘சி’ வகை. இவை கிருமிகளின் டிஎன்ஏயைச் சேதப்படுத்தி, அவை பெருகமுடியாமல் செய்கின்றன. 265 நனோமீற்றரை அண்டிய கதிர் இதற்கு மிகவும் பொருத்தமானது. இதுவரை இந்த வேலையைச் செய்துவந்தது 254 நனோமீற்றர் கதிரை வெளிவிடும் இரச விளக்கு. கொடுக்கும் மின்சாரத்தில் 30 முதல் 40 வீதம்வரை அது கதிராக்கும். வினைத்திறனில் அதற்குக் குறை சொல்லமுடியாது. குறை, உள்ளே இருக்கும் இரசம்தான். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவோடு கலந்த இரசம் மீன் வழியாக மனிதர்களின் நரம்புகளைச் சிதைத்தது. அந்த ஊரின் பெயரில் 2013இல் நிறைவேற்றப்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதன் ஒரு தரப்பு. இரசத்துக்கு மாற்றைத் தேடும் அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நீல நிற எல்ஈடியை உருவாக்கியதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகியோர் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். எங்கள் வீடுகளில் எரியும் வெள்ளை எல்ஈடி மின்குமிழ்களுக்கு அந்த நீலச் சிப்தான் அடிப்படை. அது இன்று தன் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் ஒளியாக்குகிறது. அதன் சகோதரி என்று சொல்லத்தக்க ‘சி’ வகை எல்ஈடியோ, சந்தையில் பெரும்பாலும் 5 வீதத்தை அண்டியே நிற்கிறது. கணக்கு எளிது. ஒரு வாற் கதிர் வேண்டுமென்றால் இரச விளக்குக்கு ஏறத்தாழ 3 வாற் மின்சாரம் போதும். 5 வீத எல்ஈடிக்கு 20 வாற் வேண்டும். மிகுதி 19 வாற்றும் வெப்பமாகி, அந்தச் சிப்பையே சுட்டு அதன் ஆயுளைக் குறைக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? நீலச் சிப்பில் இருப்பது கலியம் நைத்திரைட்டு. அலைநீளத்தைக் குறைக்க அதில் அலுமினியத்தைக் கூட்டவேண்டும். கூட்டும்போது மூன்று இடங்களில் சிக்கல் வருகிறது.

முதலாவது, பளிங்கு. இந்தப் படைகளை நீலக்கல் தட்டின்மேல் வளர்க்கிறார்கள். இரண்டின் அணு இடைவெளிகளும் ஒத்துப்போகாததால், ஒரு சதுர சென்ரிமீற்றரில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பிசகுகள் உண்டாகலாம். இலத்திரன்கள் அந்தப் பிசகுகளில் விழுந்து, ஒளியைத் தராமல் வெப்பமாகிவிடுகின்றன.

இரண்டாவது, மின்னோட்டம். ஒரு பக்கத்திலிருந்து இலத்திரனும் மறுபக்கத்திலிருந்து ‘துளை’யும் வந்து சந்தித்தால்தான் ஒளி பிறக்கும். துளைகளைத் தருவதற்கு மகனீசியம் சேர்க்கிறார்கள். கலியம் நைத்திரைட்டிலேயே நூறு மகனீசிய அணுக்களில் சிலதான் சாதாரண வெப்பநிலையில் வேலை செய்கின்றன. அலுமினியம் கூடக் கூட, அந்தச் சிலதும் அரிதாகிவிடுகின்றன.

மூன்றாவது, பிறந்த ஒளி வெளியே வருவது. துளைப் பற்றாக்குறையைச் சமாளிக்க மேலே ஒரு கலியம் நைத்திரைட்டுப் படையை வைக்கிறார்கள். அது மின்னை நன்றாகக் கடத்தும். ஆனால், புறஊதாக் கதிரை விழுங்கிவிடும். அதனால் பிறந்த ஒளியில் பத்தில் ஒன்றுகூட வெளியே வராமல் போகலாம். இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பெருக்கப்படுபவை. உதாரணமாக, முதலிரண்டும் 60, 80 வீதமாக இருந்து, மூன்றாவது 10 வீதமாக இருந்தால், கடைசியில் கையில் கிடைப்பது 5 வீதத்துக்கும் குறைவு.

ஆகவே, இன்றைய ஆய்வின் பெரும்பகுதி அந்த மூன்றாவது கதவைத் திறப்பதில் இருக்கிறது. ஜப்பானின் ரிக்கென் நிறுவனமும் பனசொனிக்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், 275 நனோமீற்றரில் புறக் குவாண்டம் வினைத்திறன் 20.3 வீதத்தை எட்டியது. கதிரை விழுங்காத மேற்படை, கதிரைத் திருப்பியனுப்பும் றோடியம் மின்வாய், குழிவுகள் பொறித்த நீலக்கல் தட்டு, வில்லை போன்ற உறை என நான்கையும் ஒன்றாகச் சேர்த்ததால் வந்த பலன் அது. ஆனால், இந்த 20 வீதம், சிப்புக்குள் செலுத்தப்படும் இலத்திரன்களில் எத்தனைக்கு ஒளித்துணிக்கைகள் வெளியே வந்தன என்ற கணக்கு மட்டுமே. ஒளிபுகும் மேற்படை மின்னைச் சரியாகக் கடத்தாததால் கூடிய வோல்ற்றளவு தேவைப்படுகிறது. எனவே மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் மொத்த வினைத்திறன் இதைவிட நன்றாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் வீதக் கணக்கொன்றைச் சொன்னால், அது எந்த வினைத்திறன் என்று கேட்கவேண்டியிருப்பது இதனால்தான்.

நீலக்கல்லைக் கைவிட்டு அலுமினியம் நைத்திரைட்டுத் தட்டிலேயே படைகளை வளர்ப்பது இன்னொரு வழி. பிசகுகள் பல்லாயிரம் மடங்கு குறையும். ஆனால், அந்தத் தட்டு சிறியது, விலை கூடியது.

இந்த ஆய்வுகள் வெல்லவேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஒரு கிராமத்துக்கு, சோலரில் இயங்கி, குழாயைத் திறக்கும்போது மட்டும் எரியும் கருவி பெரிய உதவி. குளோரீனுக்கு அடங்காத கிரிப்ரோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளையும் இந்தக் கதிர் அடக்கும்.

ஆனால், வினைத்திறன் நூறு வீதமானாலும் இந்தக் கதிரால் செய்யமுடியாதவை உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றை அது தொடாது. உவரை நீக்காது. எண்ணெயை நீக்காது. கலங்கிய நீரில் கிருமிகள் மண் துகள்களின் நிழலில் தப்பிவிடும். இடம்பெயர்ந்து முகாம்களில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்ற எங்கள் தலைமுறைக்குக் குளோரீன் மணம் நன்றாகத் தெரியும். அந்த மணத்துக்கு ஒரு வேலை இருந்தது. வாளியிலும் குடத்திலும் மறுபடி சேரும் கிருமிகளை அது தொடர்ந்து கொன்றது. புறஊதாக் கதிர் அப்படி எதையும் தண்ணீரில் விட்டுச்செல்வதில்லை.

வாங்க நினைப்பவர்கள் நான்கு கேள்விகள் கேட்கலாம். அலைநீளம் எத்தனை? நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஓடும்போது சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லியூல் என்ற அளவு கிடைக்கும்? சிப் பழசானபின்பும் அது கிடைக்குமா? குறைந்தால் காட்டித்தர உணரி இருக்கிறதா? ஊதா நிறத்தில் ஒளிர்வதை வைத்து முடிவெடுக்கவேண்டாம். கிருமியை அடக்கும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. மலிவு விளக்குகள் பல 395 நனோமீற்றரை அண்டியவை, குடிநீருக்கு உதவாதவை. உண்மையான ‘சி’ கதிரோ கண்ணையும் தோலையும் தாக்கக்கூடியது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று மக்கள் வீதிக்கு வந்தபோது, ‘இந்த நீரைக் குடிக்கலாமா’ என்ற எளிய கேள்விக்கு ஒருமித்த பதில் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கருவி விற்பவர்கள் நுழைகிறார்கள். ஆகவே, கருவிக்கு முன்னர் தேவைப்படுவது பரிசோதனை. ஒவ்வொரு கிணற்றிலும் என்ன இருக்கிறது என்பதைக் காலத்துக்குக் காலம் சோதித்து, முடிவை அந்த வீட்டுக்காரருக்கு எழுத்தில், தமிழில் கொடுக்கும் பொறுப்பு சுகாதாரத் துறைக்கும் நீர்வழங்கல் சபைக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உண்டு. அந்த முடிவு கையில் இருந்தால், கிருமி மட்டுமே பிரச்சினையாக உள்ள வீடு இந்தக் கருவியை வாங்கலாம், அல்லது கொதிக்கவைத்தே குடிக்கலாம். நைத்திரேற்றுப் பிரச்சினை உள்ள வீடு, வீண் செலவிலிருந்து தப்பி வேறு நீரைக் கேட்கலாம்.